அரை இஞ்ச் துளையில் பன்னிரண்டு மில்லி போல்ட்

விசாரணை அறையில் நான் பொய் சொன்னேன். பதற்றத்தில் வாய் தவறி வந்த பொய் அல்ல. முதல் நாள் இரவே யோசித்து, வார்த்தைகளைத் தேர்ந்தெடுத்து, மறுநாள் காலை நிதானமாகச் சொன்ன பொய்.

இந்தத் தொடரில் இதுவரை பள்ளிக்கூடம், கல்லூரி விடுதி, முதல் வேலை என்று எழுதிக்கொண்டு வந்தேன். வாராவாரம் இந்த அத்தியாயத்தை மட்டும் ஒதுக்கி வைத்தேன். இனியும் ஒதுக்கி வைப்பதற்கு என் வயதில் அவ்வளவு வாரங்கள் மீதமில்லை.

அந்த அறை இன்னும் கண்ணில் நிற்கிறது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புத் தகடுகளை வெட்டி இயந்திர உறுப்புகள் செய்யும் ஒரு தொழிற்சாலை. மேலாளரின் மேசையில் காகிதங்கள் பறக்காமல் இருக்க ஒரு பல்சக்கரத்தை வைத்திருந்தார். ஜன்னல் வழியே பக்கத்து உருக்காலையின் புகை வாடை வந்துகொண்டிருந்தது. யாரும் தொடாத தேநீரில் ஆடை படிந்திருந்தது.

சுவரோரம் ஃபிட்டர் ஏழுமலை நின்றிருந்தார். இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவர் வேலை. நான் உற்பத்திப் பொறியாளன், அவருக்கு மேலதிகாரி. அதற்கு முந்தைய வாரம் தகடு வெட்டும் இயந்திரத்தில், கத்திக்குள் கை போகாமல் காக்கும் தடுப்புத் தகடு கழன்று விழுந்து, அதில் வேலை செய்துகொண்டிருந்த கோபாலுக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயிருந்தன. கோபால் வேறு யாருமல்ல, ஏழுமலையின் மனைவி கஸ்தூரியின் தம்பி.

"அரை இஞ்ச் துளையில் பன்னிரண்டு மில்லி போல்ட்டைப் போடச் சொன்னது யார்?" என்று மேலாளர் கேட்டார்.

"அரை இஞ்ச் போல்ட் வரும்வரை மெஷினை ஓட்டாதே, காத்திரு என்று சொல்லியிருந்தேன் சார். இவர் அவசரப்பட்டுவிட்டார்" என்றேன்.

ஏழுமலை என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. எங்கேயோ வைத்த பொருளைத் தேடுகிறவர் முகம் போல இருந்தது.

நான் அதோடு நிறுத்தவில்லை. "வேலையை விட்டு எடுத்துவிடாதீர்கள் சார், குடும்பஸ்தர். வேறு பிரிவுக்கு மாற்றுங்கள்" என்றும் சொன்னேன். பொய்யின்மேல் கருணையைத் தடவினேன். வெளியே வந்ததும் தாழ்வாரத்தில் ஏழுமலை என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க மட்டும் சொல்லலன்னா எங்க குடும்பம் நடுத்தெருவுல நின்னிருக்கும் சார்."

போடச் சொன்னவன் நான்தான்.

வாங்கும் படி, கொடுக்கும் படி

இதைச் சொல்வதற்கு முன், மெட்ரிக் அளவுமுறைமீது எனக்கு இருந்த, இன்றும் இருக்கிற பக்தியைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பக்தி இல்லாவிட்டால் இந்தப் பாவமும் நடந்திருக்காது.

என் தகப்பனாரை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். ஆர்.கே.பேட்டையில் நைனாவுக்கு நெல் மண்டி. மண்டியில் இரண்டு படிகள் இருந்தன. சிறு விவசாயிகளிடமிருந்து நெல் வாங்க ஒன்று. மூட்டை தூக்குகிறவர்களுக்கும் நெல் புடைக்கிற பெண்களுக்கும் கூலி அளக்க இன்னொன்று. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கூலிப்படியின் உள்ளே அடியில் வட்டமாக ஒரு மரப்பலகை அடித்திருக்கும். விரலை விட்டுப் பார்த்தால் தெரியும். ஒரு மதியம் நான் விட்டுப் பார்த்தேன். நைனா பார்த்துவிட்டார். திட்டவில்லை. "கை கழுவிக்கினு சாப்பிட வா" என்றார்.

ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்து என்ன செய்ய? ஒவ்வொரு மண்டிக்கும் ஒரு படி, ஒவ்வொரு பெரிய வீட்டுக்கும் ஒரு மரக்கால். எது சரி என்று கேட்டால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வேண்டுமே. அந்த இன்னொன்று எங்குமே இல்லை.

நான் ஆரம்பப் பள்ளியை முடிக்கும் சமயத்தில் அந்த இன்னொன்று வந்தது. முதலில் அணா போய் நயா பைசா வந்தது. பிறகு கிலோ, லிட்டர். காக்கி உடையில் ஒரு அதிகாரி வந்து பழைய படிகளையெல்லாம் கோணிப்பையில் போட்டுக் கட்டிக்கொண்டு போனார். நைனாவின் இரண்டு படிகளும் அந்தப் பையில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு போன சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. புதிதாக வந்த லிட்டர் தகரத்தில் செய்தது, விளிம்பில் அரசு முத்திரை குத்தியது.

மண்டியில் நெல் புடைக்கும் அம்மாக்கண்ணு அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே விரலை விட்டுத் தடவினாள்.

"இது யாரு படி மொதலாளி?"

"கவருமெண்டு படி."

"அப்ப எனுக்கும் ஒண்ணு கெடைக்குமா?"

"உனுக்கு எதுக்கு? மண்டி வைக்கப் போறியா?"

"இல்ல மொதலாளி. நீங்கோ அளந்து குடுத்தத ஊட்ல போயி நானும் ஒருக்கா அளந்து பாப்பேன்."

மற்ற பெண்கள் முகத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். நைனாவும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

மெட்ரிக் முறையைப் புகழ்ந்து பெரிய பெரிய கட்டுரைகள் படித்திருக்கிறேன். அம்மாக்கண்ணு சொன்னதைவிட நல்ல காரணம் எதிலும் இல்லை. கொடுக்கிறவன் அளந்ததை வாங்குகிறவள் தன் வீட்டில் அளந்து பார்க்கலாம், இரண்டும் ஒத்துப்போகும். ஒரு நாடு தன் மக்களுக்குச் செய்யக்கூடிய மரியாதைகளில் இது ஒன்று.

தகரப் பெட்டியில் தண்ணீர்

பள்ளியில் அறிவியல் வாத்தியார் ஒருநாள் ஒரு தகரப் பெட்டி கொண்டு வந்தார். நீளம், அகலம், உயரம் எல்லாம் பத்து சென்டிமீட்டர். அதை விளிம்புவரை தண்ணீரால் நிரப்பி, "இது ஒரு லிட்டர்" என்றார். பிறகு தராசில் ஒரு பக்கம் பெட்டியின் எடைக்குச் சரியாக மண்ணைக் கொட்டிச் சமன் செய்துவிட்டு அதன்மேல் கிலோ எடைக்கல்லையும், மறுபக்கம் தண்ணீர்ப் பெட்டியையும் வைத்தார். முள் நடுவில் வந்து நின்றது.

நீளத்திலிருந்து கொள்ளளவு, கொள்ளளவிலிருந்து எடை. ஒரே நூலில் கோத்தது போல. வகுப்பில் மற்றவர்கள் அடுத்த மணிக்காகக் காத்திருந்தார்கள். நான் மட்டும் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாருடைய கை நீளமும் இதில் இல்லை, எந்த ராஜாவின் பாதமும் இல்லை. பூமியின் அளவிலிருந்து எடுத்தார்கள் என்று வாத்தியார் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பிறகு கல்லூரிக்குப் போனால் பாதிப் புத்தகங்கள் இன்னும் அடி, பவுண்டு கணக்கில்தான் இருந்தன. பன்னிரண்டால் பெருக்கு, மூன்றால் பெருக்கு, பதினாறால் வகு. நாட்டின் காய்கறிக் கூடைக்காரப் பெண்கள் ஒன்றிரண்டு வருஷத்தில் கிலோவுக்கு மாறிவிட்டார்கள். எங்கள் பேராசிரியர்கள் மாறவில்லை. அதை நினைத்தால் இப்போதும் அந்தப் பெண்களுக்கு ஒரு வணக்கம் போடத் தோன்றுகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய நாடு மாற முடியுமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். மாறிக் காட்டியவர்களே எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான்.

என் வைராக்கியம்

நான் கும்மிடிப்பூண்டியில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தத் தொழிற்சாலையில் பாதி இயந்திரங்கள் வெள்ளைக்காரர் காலத்து இஞ்ச் இயந்திரங்கள், பாதி புதியவை, மில்லிமீட்டர். தொழிலாளிகள் இஞ்சை எட்டாகப் பிரித்து நூல் என்பார்கள். இரண்டு நூல் என்றால் கால் இஞ்ச். தச்சர் பட்டறையிலும் கட்டட வேலையிலும் இன்றைக்கும் அந்தப் பேச்சுதான்.

எல்லாவற்றையும் மெட்ரிக்குக்கு மாற்றும் பொறுப்பை நிர்வாகம் என்னிடம் கொடுத்தது. எனக்கு அது வேலையாகத் தெரியவில்லை, விரதமாகத் தெரிந்தது. வரைபடங்களை மாற்றினேன். இஞ்ச் அளவுகோல்களைப் பிடுங்கினேன். ஒர்க் ஷாப்பில் நூல் என்று சொன்னால் காது கேட்காத மாதிரி இருப்பேன்.

"சார், அந்த மூணு நூலு கம்பி..." என்று ஆரம்பிப்பார் ஏழுமலை.

நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

"சரி சார், அந்தப் பத்து மில்லி கம்பி. இப்ப காது கேக்குதா?" என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எங்களுக்குள் அப்படி ஒரு சுமுகம் இருந்தது.

வேலை முடியும் தறுவாயில், சென்னையிலிருந்து முதலாளி வந்து பார்க்கும் நாளுக்கு முன், பண்டக சாலையிலிருந்த இஞ்ச் போல்ட்டுகளையும் நட்டுகளையும் ஒன்றுவிடாமல் பழைய இரும்புக்குப் போடச் சொன்னேன். பண்டக சாலைக்காரர் தயங்கினார். "பழைய மெஷினு இன்னும் ரெண்டு மூணு ஓடுது சார்" என்றார். "அதெல்லாம் சீக்கிரம் போய்விடும்" என்றேன். வாசலில் 'முழு மெட்ரிக்' என்று பலகை எழுதி மாட்டினோம்.

தகடு வெட்டும் இயந்திரம் போகவில்லை. அதன் தடுப்புத் தகட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகள் தேய்ந்துவிட்டன என்று ஏழுமலை வந்து சொன்னார். கிடங்கில் அரை இஞ்ச் ஒன்றுகூட இல்லை. வெளியில் வாங்கச் சொல்லலாம். ஆனால் முழு மெட்ரிக் என்று பலகை எழுதியவனே இஞ்ச் போல்ட்டுக்குச் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முதலாளி வரும் வாரத்தில்.

"பன்னிரண்டு மில்லி போட்டு இறுக்கு. பிடிக்கும்" என்றேன்.

"லூசா உள்ள போவுது சார்."

"இறுக்கினால் நிற்கும். மெஷினை ஓட்டு."

அரை இஞ்ச் என்பது பன்னிரண்டு மில்லியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. போல்ட் உள்ளே போகும். ஆனால் மரைகளின், அதாவது திருகு வரிகளின், இடைவெளி வேறு. ஒன்றிரண்டு மரை மட்டும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு, கைக்கு இறுகிவிட்டது போலக் காட்டும். அதிர அதிரக் கழன்றுவிடும். பொறியியல் படித்த எனக்கு இது தெரியாதா? தெரியும். சில நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். தாங்கவில்லை.

அப்போது சிலர், இந்த மில்லிமீட்டர் வந்ததால்தான் இப்படி ஆயிற்று என்றார்கள். நானும் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். மில்லிமீட்டர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அளவுமுறை யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. உத்தரவு போட்டது என் வாய்.

கேட் திறக்கும் கை

ஏழுமலையைச் சரக்கு ஏற்றும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஃபிட்டர் என்ற பெயர் போயிற்று. கோபாலுக்கு விரல் போன பிறகு வாட்ச்மேன் வேலை கொடுத்தார்கள். அதனால் பல வருஷங்கள், தினமும் காலையில் கோபால் கேட்டைத் திறக்க, ஏழுமலை உள்ளே போனார். கோபால் அந்த நேரத்தில் மட்டும் ரோட்டைப் பார்ப்பார். கம்பெனி வேனில் பின்னாலேயே வரும் எனக்கு இருவரும் சலாம் வைப்பார்கள்.

எனக்குப் பதவி உயர்வு வந்தது. மெட்ரிக் மாற்றத்தைத் திறம்படச் செய்ததற்காக.

மகள் கேட்ட கேள்வி

இப்போது நான் கடம்பத்தூரில் இருக்கிறேன். மகள் அமெரிக்காவில். அங்கே இன்னமும் மைல், கேலன், பவுண்டு. போன மாதம் போனில் பேசும்போது கேட்டாள்: "இங்கே பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார் அப்பா. ஒரு நாடு மெட்ரிக்குக்கு மாறத்தான் வேண்டுமா? மாறாமலே நாங்கள் நன்றாகத்தானே இருக்கிறோம் என்கிறார்."

மாறத்தான் வேண்டும் என்றேன், யோசிக்காமலே. பிறகு போனை வைத்துவிட்டு யோசித்தேன்.

நாம் மட்டும் முழுக்க மாறிவிட்டோமா? நிலம் சென்ட், வீடு சதுர அடி, நகை பவுன், தண்ணீர்க் குழாய் இஞ்ச், காய்ச்சல் வந்தால் பாரன்ஹீட். திருப்பாச்சூர் கோயில் வாசலில் பூ விற்கும் இரண்டு பெண்களில் ஒருத்திக்குக் கை நீளம். அவளிடம்தான் கூட்டம். இன்னொருத்தி சொல்வாள்: "அவ கையி நீளம், எங்கையி ராசி. எது வோணும்னு நீங்களே பாத்துக்கோங்க." முழம் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பூ உதிர்ந்தால் யாருக்கும் விரல் போகாது.

ஆனால் மகளின் பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்னொன்றும் சொல்லியிருக்க வேண்டும். மாறுங்கள், அதைவிட நல்ல காரியம் இல்லை. மாற்றுகிறவன் மட்டும், பழைய இயந்திரம் ஓடும்வரை பழைய போல்ட்டை வைத்திருக்கும் பொறுமை உள்ளவனாக இருக்க வேண்டும். நான் அப்படி இருக்கவில்லை. அதை மகளிடம் சொல்லவில்லை. இந்த வாரம் இதைப் படித்துத் தெரிந்துகொள்வாள்.

வெற்றிலைத் தட்டு

சில வருஷங்களுக்கு முன், ஒரு தை மாதம், ஏழுமலையும் கஸ்தூரியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பேத்தி கல்யாணத்துக்கு அழைக்க வந்திருந்தார்கள். வெற்றிலை, பாக்கு, பழத்தோடு தட்டை நீட்டினார் ஏழுமலை. தலை முழுக்க நரைத்திருந்தது.

"நீங்க கண்டிசனா வரணும் சார். அன்னிக்கு நீங்க பேசலன்னா இன்னிக்கு ஏது கல்யாணம்?"

கோபால் வருகிறாரா என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ தெரியாது. ஏழுமலை குனிந்து தட்டைப் பார்த்தார். கஸ்தூரிதான் பதில் சொன்னார்.

"எம் பொண்ணு மஞ்ச நீருக்கு வர்ல. அவ கல்யாணத்துக்கும் வர்ல. தாய்மாமன் நிக்க வேண்டிய எடத்துல யாரோ ஒர்த்தர நிக்க வச்சோம். இப்ப பேத்திக்கு எங்க வரப் போறான்? அவன் கையி போனதுக்கு இவருதான் காரணம்னு அவன் மனசுல பூந்துகிச்சு சார்."

"பூந்துகிச்சு இன்னா, நாந்தான காரணம்" என்றார் ஏழுமலை மெதுவாக. "வெயிட் பண்ணுன்னு சாரு சொன்னாரு. எங்காதுல உழல. எத்தினியோ தபா யோசிச்சிப் பாத்துட்டேன். சொன்ன மாரியே ஞாபகம் வர்ல. ஆனா சாரு ஏன் பொய் சொல்லப் போறாரு?"

கஸ்தூரி சிரித்துக்கொண்டே சொன்னார்: "அதுலேந்து ஊட்ல ஒரு ஸ்க்ரூ கூட முடுக்க மாட்டாரு சார். என் கையி ஆவாதுன்னுட்டு ஆள இட்டுகினு வருவாரு."

தட்டை வாங்கிக்கொண்டேன். 

அவர்கள் போன பிறகு முதலில் எளிதான பரிகாரத்தைத் தேடினேன். பழைய தொழிற்சாலைக்குப் போய், பதிவேட்டில் ஏழுமலையின் பெயரில் இருக்கும் அந்தக் குற்றக் குறிப்பை நீக்கிவிடலாம் என்று நினைத்தேன். இடம் அதே இடம், பெயர் வேறு, முதலாளி வேறு. அங்கே இருந்த இளம் அதிகாரி மரியாதையாகக் கேட்டார். "அந்தக் கம்பெனியே இப்போ இல்லையே அங்கிள். யார்கிட்ட நீக்கறது?" என்றார். பிறகு தேநீர் வரவழைத்தார்.

குடித்துவிட்டு, கோபால் குடியிருக்கும் ஆரம்பாக்கத்துக்குப் பஸ் ஏறினேன்.

கோபாலின் நிபந்தனை

கோபால் வீட்டு வாசலில் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குழாயை இடது கையில் பிடித்திருந்தார்.

"வாங்க இஞ்சினீர் சார். இன்னா, மாமாவுக்கு சிபாரிசா? கல்யாணத்துக்கு என்னை இட்டுகினு போவ வந்தீங்களா?"

"இல்லை" என்று தொடங்கி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். போல்ட் இல்லாதது, முதலாளி வரும் வாரம், நான் சொன்ன வார்த்தை, விசாரணையில் சொன்ன வார்த்தை. தண்ணீர் மண்ணில் ஓடிக்கொண்டே இருந்தது. நான் முடித்த பிறகுதான் போய்க் குழாயை மூடினார்.

"எம் பொண்டாட்டி செத்தப்ப அக்கா வந்துச்சு சார். இதோ, நீ நிக்கிற எடத்துல நின்னுகினு அழுதுச்சு. உள்ள வான்னு நான் கூப்புடல. அழுதுட்டு அப்டியே பஸ்ஸு ஏறிப் பூட்ச்சி."

சார் இருந்தது. 'நீங்கள்' போய்விட்டது. நியாயம்தான்.

"என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள் கோபால்."

"உன்னைச் சொல்லி இன்னா ஆவப் போவுது? எங்கிட்ட மட்டும் வந்து காதுல சொன்னா ஆச்சா? அன்னிக்கு ஆபீசுல நாலு பேரு முன்னால சொன்னே. இத்தயும் நாலு பேரு முன்னால சொல்லு. கல்யாணத்துல பெரிய மனுசன்னு உனுக்கு மைக்கு குடுப்பாங்கோ இல்ல? அதுல சொல்லு. நான் வெளிய நின்னு கேக்கறேன்."

"கல்யாண வீட்டில் போய் இதை எப்படிச் சொல்வது?"

"அப்ப எங்க சொல்லுவே? மாமா எழவு ஊட்லயா?"

வாழ்த்துரை

மண்டபம் கும்மிடிப்பூண்டி பஜார் பக்கம். முகூர்த்தத்துக்கு முன்பே போய், ஏழுமலையிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அவர் விடவில்லை. என் கையைப் பிடித்து அழைத்துப் போய் முன்வரிசை சோபாவில் உட்கார வைத்தார். வருகிறவர்களிடமெல்லாம் "என் வேலயக் காப்பாத்துன சாரு" என்று காட்டினார். சந்தனக் கிண்ணத்தை அவரே கொண்டுவந்து நீட்டினார்.

தாலி கட்டி முடிந்து, வாழ்த்துரைக்கு மைக்கைக் கொடுத்தார்கள். மண்டபத்து வாசலைப் பார்த்தேன். பந்தல் காலுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் கோபால் நின்றிருந்தார். ஒரு காலைக்கூட உள்ளே வைக்காமல்.

மணமக்களை வாழ்த்தினேன். பிறகு சொன்னேன்: "இந்தப் பெண்ணின் தாத்தா ஏழுமலை நல்ல ஃபிட்டர். அவர்மேல் ஒரு பழி இருக்கிறது. அது என்னுடையது. தப்பான போல்ட்டைப் போடச் சொன்னவன் நான். காத்திரு என்று நான் சொல்லவில்லை. சொன்னதாக விசாரணையில் பொய் சொன்னேன். அவர் வேலையை நான் காப்பாற்றவில்லை. என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன். கோபாலின் கை போனதற்கு நான்தான் காரணம்."

இவ்வளவுதான் பேசினேன். பாதிப் பேருக்குக் கேட்கவே இல்லை. பின்னால் இலை போடும் சத்தம், குழந்தைகள் அழுகை. மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் ஒருவர், "யாருய்யா இந்தப் பெருசு, நல்ல நேரத்துல வந்து" என்றது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. யாரோ மைக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். பாட்டுப் போட்டார்கள்.

மேடையிலிருந்து இறங்கினால் எதிரே ஏழுமலை. பக்கத்தில் கஸ்தூரி.

"இன்னொரு தபா சொல்லுங்க சார்" என்றார் ஏழுமலை.

சொன்னேன்.

"வெயிட் பண்ணுன்னு நீங்க சொல்லவே இல்ல."

"சொல்லவே இல்லை ஏழுமலை."

"லூசா போவுதுன்னு நான் சொன்னேன்."

"சொன்னீர்கள். இறுக்கினால் நிற்கும் என்றேன். மெஷினை ஓட்டு என்றேன்."

அவர் என்னை அடித்திருந்தால் நின்று வாங்கியிருப்பேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தன் இரண்டு கைகளையும் வேட்டியில் துடைத்துக்கொண்டார், ஈரம் எதுவும் இல்லாதபோதும். "அப்ப எங்காதுல கோளாறு இல்ல" என்று மனைவியிடம் சொன்னார். "இல்ல, கஸ்தூரி. எனுக்கு நல்லாத்தான் கேட்டிருக்குது."

கஸ்தூரி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தார்.

அழுவார்கள், கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று நான் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை. கோபால் வந்து ஏழுமலைக்கு முன்னால் நின்றார்.

"இளைச்சிட்ட மச்சான்" என்றார் ஏழுமலை.

"நீ மட்டும் இன்னா, கொழுத்தா கெடக்கற? பந்தி எங்க மாமா? காலைல நாஷ்டா கூட துன்னல."

இருவரும் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் நடந்தார்கள். அடுத்தடுத்த இலைகளில் உட்கார்ந்தார்கள். கோபால் இடது கையால் சாப்பிட, ஏழுமலை அவர் இலையை இன்னும் கொஞ்சம் பக்கமாக நகர்த்தி வைத்ததைக் கதவருகே நின்று பார்த்தேன்.

என்னை யாரும் பந்திக்குக் கூப்பிடவில்லை. வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பின்னால் கஸ்தூரியின் குரல் கேட்டது. கையில் தேங்காய் போட்ட தாம்பூலப் பை.

"எனக்கு எதற்கம்மா?" என்றேன்.

"வந்தவங்களுக்கெல்லாம் குடுக்கறதுதான்" என்றார். பையை என் கையில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல், தம்பிக்குப் பரிமாற உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு எதுவும் வரவில்லை. அவர்கள் வீட்டுப் பேரன் காதுகுத்துக்குக் கோபால் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தினார்கள் என்று, பழைய தொழிற்சாலை ஆள் ஒருவர் ரயிலில் பார்த்தபோது சொன்னார்.